‘முழுசா எடுத்தாச்சா, டாக்டர்?’ – மூளைக் கட்டி ஆபரேஷன்: வாசகர் கேள்வி–பதில்

மூளைக் கட்டி ஆபரேஷன் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நரம்பியல் அறுவை சிகிச்சை, மயக்கவியல் மருத்துவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள். மருந்து அளவுகளைச் சொல்லியிருப்பது விஷயம் புரிவதற்காகத்தான். உங்களுக்குப் பொருந்துவது உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு மட்டுமே.

அப்பாவுக்கு 58 வயது. வலது பக்க மூளையில் க்ளியோபிளாஸ்டோமா என்ற வீரியமான புற்றுக்கட்டி. ‘கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம்’ என்று சர்ஜன் சொன்னார். இப்போது ஆறு வாரம் ரேடியேஷன், கூடவே கீமோ மாத்திரை என்கிறார்கள். முழுசாக எடுத்த பிறகு இதெல்லாம் எதற்கு?
– வாசகி, மதுரை

சர்ஜன் சொன்னதும் பொய்யில்லை, ரேடியேஷன் வேண்டும் என்பதும் பொய்யில்லை. ‘முழுசாக’ என்ற சொல்லுக்கு ஆபரேஷன் தியேட்டரில் உள்ள அர்த்தம் கொஞ்சம் வேறு. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அந்த வெள்ளைப் பகுதி மிச்சமில்லை என்றால் ‘முழுசாக எடுத்தாயிற்று’ என்பார்கள். ஆனால் க்ளியோபிளாஸ்டோமா அந்த வெள்ளை ஓரத்தோடு நின்றுவிடுவதில்லை. அதன் செல்கள் நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டு, ஸ்கேனில் சாதாரணமாகத் தெரியும் மூளைக்குள்ளும் ஓடியிருக்கும். அருகம்புல்லைக் கொத்தி எடுத்தவர்களுக்கு இது புரியும். மேலே தெரிகிற புல் ஒரு அளவு, மண்ணுக்குள் ஓடுகிற கொடி இன்னொரு அளவு.

‘அப்படியானால் இன்னும் தள்ளி வெட்டலாமே’ என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1920களில் அமெரிக்காவின் பால்டிமோரில் வால்டர் டாண்டி, இடது கை கால் ஏற்கெனவே விழுந்துவிட்ட சில நோயாளிகளுக்கு வலது பக்கப் பெருமூளையையே எடுத்தார். அதற்குப் பிறகும் கட்டி திரும்ப வந்தது. கத்தியால் மட்டும் இந்த நோயைத் தீர்க்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அதனால்தான் மீதி வேலையை ரேடியேஷனிடமும் டெமோசோலமைடு மாத்திரையிடமும் ஒப்படைக்கிறார்கள். வழக்கமான முறையில் 30 சிட்டிங்கில் மொத்தம் 60 கிரே கதிர்வீச்சு கொடுப்பார்கள். அந்த ஆறு வாரமும் தினமும் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. மாத்திரை. நான்கு வாரம் இடைவெளி விட்டு, 28 நாளுக்கு ஒருமுறை 5 நாள் வீதம், சதுர மீட்டருக்கு 150–200 மி.கி. அளவில் ஆறு சுற்று. 2005இல் வெளியான ஆய்வில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 10 சதவீதத்தினர் இரண்டு ஆண்டைத் தாண்டினார்கள். மாத்திரையும் சேர்த்துக்கொண்டவர்களில் அது 26 சதவீதம். பெரிய எண் இல்லைதான். ஆனால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று விட்டுவிடுகிற எண்ணும் இல்லை.

ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணிக்குள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா? அதற்குமேல் போனால் ஆறுகிற புண்ணும் வெள்ளையாகத் தெரியத் தொடங்கிவிடும். மிச்சக் கட்டி எது, காயம் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிற்பாடு ஒவ்வொரு ஸ்கேனையும் இந்த முதல் படத்தோடுதான் ஒப்பிடுவார்கள்.

இடது பக்க மூளையில், பேச்சுப் பகுதிக்கு அருகே கட்டி. விழித்திருக்கும்போதே ஆபரேஷன் என்கிறார்கள். நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. வலிக்காதா? எனக்குத் தமிழ் மட்டும்தான் சரளம். தியேட்டரில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

மூளைக்கு வலி தெரியாது. வலிப்பது தலைத்தோல், அதன் கீழுள்ள தசை, எலும்பை ஒட்டிய சவ்வு, மூளையை மூடியிருக்கும் டியூரா என்ற தடித்த உறை. தலைத்தோலுக்கு வரும் நரம்புகள், பக்கத்துக்கு ஆறு, நெற்றியிலும் காதருகிலும் பிடரியிலும் இருக்கின்றன. அந்தந்த இடத்தில் பியூபிவகேன் அல்லது ரோபிவகேன் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். அது பல மணி நேரம் தாங்கும். தலையை அசையாமல் பிடிக்கும் மூன்று முள் கிளாம்ப் பதிகிற இடங்களுக்குத் தனியாக ஊசி உண்டு. தோலையும் எலும்பையும் திறக்கிற சத்தமான கட்டத்தில் உங்களைத் தூங்கவைத்திருப்பார்கள், அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்தில் அரைத்தூக்கத்தில் வைத்திருப்பார்கள். மூளையைத் திறந்த பிறகுதான் எழுப்புவார்கள்.

எழுப்பிய பின் நடப்பது இதுதான். சர்ஜன் கையில் இரண்டு முனை கொண்ட பேனா போன்ற கருவி. முனைகளுக்கு நடுவே சுமார் 5 மி.மீ. இடைவெளி. அதன் வழியே மிக மெல்லிய மின்சாரம் பாயும்: பெரும்பாலும் நொடிக்கு 60 துடிப்பு, 1 மில்லிஆம்பியரில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். அது தொடுகிற இடம் அந்தச் சில நொடிகளுக்கு வேலைநிறுத்தம் செய்யும். முதலில் உங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கை சட்டென்று நின்றால் அது பேச்சை இயக்கும் இடம். அடுத்து படங்கள், ஒவ்வொன்றும் சுமார் நான்கு நொடி. படத்தைப் பார்த்ததும் ‘இது ஒரு குடை’, ‘இது ஒரு பூட்டு’ என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘இது ஒரு’ எதற்கு என்று கேட்கலாம். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ‘இது ஒரு…’ வரை வந்து பெயர் மட்டும் வராமல் நின்றால், சொல்லைத் தேடி எடுக்கும் இடத்தைத் தொட்டிருக்கிறோம். ‘இது’ என்பதே வாயில் வரவில்லை என்றால், நாக்கையும் உதட்டையும் அசைக்கும் இடம். இரண்டும் ஆபத்தான இடங்கள்தான், ஆனால் வேறு வேறு.

ஒரே இடத்தை அடுத்தடுத்துத் தொடமாட்டார்கள், வலிப்பு வந்துவிடும். சுற்றிவந்து ஒவ்வொரு இடத்தையும் மூன்று தடவை சோதிப்பார்கள். பேச்சு தடுமாறிய இடத்தில் எண் எழுதிய சின்னக் காகிதத்துண்டை வைப்பார்கள். கட்டியை எடுக்கும்போதும் நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள். மேற்பரப்பு மட்டுமல்ல, ஆழத்தில் ஓடும் நரம்புக் கற்றைகளையும் அதே கருவியால் தொட்டுப் பார்ப்பார்கள். சொல் தடுமாறியதும் அங்கே கை நின்றுவிடும், கட்டி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும்.

மொழி விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. சோதனை உங்கள் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும். இரண்டு மொழியில் சரளமானவர்களுக்கு இரண்டிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு மொழியை மட்டும் தடுக்கிற இடங்கள் மூளையில் உண்டு என்பது 1978லேயே பதிவானது. அதைவிட முக்கியம் முந்தின நாள் ஒத்திகை. வெளிநாட்டுப் படத்தொகுப்பில் பனிவீடும் ஹார்ப் வாத்தியமும் இருக்கும். சாதாரண நாளிலேயே உங்களுக்குப் பெயர் தெரியாத படத்துக்குத் தியேட்டரில் பதில் வராவிட்டால், அது கட்டியின் குற்றமா, படத்தின் குற்றமா? ஒத்திகையில் தடுமாறிய படத்தையெல்லாம் நீக்கிவிட வேண்டும். ‘வாளி’ என்கிறீர்களா ‘பக்கெட்’ என்கிறீர்களா என்பதையும் குறித்துவைப்பார்கள். இரண்டும் சரிதான். ஒத்திகையில் ‘வாளி’ என்றவர் மேசையில் ‘பானை’ என்றால்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

என்ன தப்பாகப் போகலாம்? முதலாவது வலிப்பு. அதற்காகவே பனிக்கட்டி போல் குளிர்ந்த ரிங்கர்ஸ் லாக்டேட் திரவம் பக்கத்தில் தயாராக இருக்கும். மூளை மேல் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது சோர்வு. நேரம் ஆக ஆக விடைகள் தானாகவே தப்பும், அந்தத் தப்பை நம்பி முடிவெடுக்க முடியாது. மூன்றாவது இருமலும் வாந்தியும். ஒரு இருமலுக்கு மூளை வெளியே பிதுங்கும். ஆகவே தொடர் இருமல் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள், அசையாமல் படுக்க முடியாதவர்கள், ஏற்கெனவே பேச்சு மிகவும் குழறிவிட்டவர்கள் இதற்குப் பொருத்தமில்லை. இதில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். ஆபரேஷன் அன்று காலை வலிப்பு மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட வேண்டுமா என்று கேட்டு வையுங்கள், அநேகமாகப் போடச் சொல்வார்கள். கண்ணாடியும் காது மெஷினும் தியேட்டருக்குள் உங்களோடு வர வேண்டும்.

முழு மொட்டை அடிக்க வேண்டுமா? முந்தின நாளே சலூனில் அடித்துக்கொண்டு போகலாமா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

சலூனுக்குப் போகவே போகாதீர்கள். சவரக் கத்தி தோலில் போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவோடு இரவாகக் கிருமி வளரும். தியேட்டரில் மெஷின் கொண்டு, வெட்டு விழும் கோட்டின் இருபுறமும் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் வெட்டினால் போதும். முழுசாக மழித்தால் தொற்று குறையும் என்பதற்குச் சான்று இல்லை. சில இடங்களில் பழக்கத்தால் மொட்டை அடிக்கிறார்கள், கேட்டால் விட்டுவிடுவார்கள். முந்தின இரவும் காலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளியுங்கள். எண்ணெய் வேண்டாம்.

மூளைக்கே ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்கிறார்கள். அப்படியும் சர்ஜன்கள் ‘கட்டி கொஞ்சம் மிச்சம்’ என்று சொல்வது ஏன்?
– ஓய்வுபெற்ற நில அளவையாளர், திருவாரூர்

நில அளவையில் இருந்தவரிடம் சொல்வது சுலபம்: நிலம் நகராது, மூளை நகரும்.

நியூரோநேவிகேஷன் என்ற இந்தக் கருவிக்கு, சுமார் 1 மி.மீ. தடிமனில் எடுத்த எம்.ஆர்.ஐ. துண்டுகள்தான் வரைபடம். தலையை கிளாம்பில் பூட்டியபின் மூக்கு, புருவம், நெற்றியின் மேடுபள்ளங்களைத் தொட்டு அந்த வரைபடத்தை நிஜத் தலையோடு பொருத்துவார்கள். தொடக்கத்தில் இரண்டொரு மில்லிமீட்டர் துல்லியம் கிடைக்கும். எங்கே தோலை வெட்டுவது, எலும்பில் ஜன்னல் எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதற்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் டியூராவைத் திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள தண்ணீர் வடியும். வீக்கம் குறைய மானிட்டால் ஏற்றியிருப்பார்கள், அதனாலும் மூளை சுருங்கும். கட்டியைக் குடைந்து எடுக்க எடுக்கக் குழியின் சுவர்கள் உள்ளே சரியும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட இடம் மாறும். திரையில் இருப்பதோ நேற்றைய மூளை. அதை மட்டும் நம்பினால் கட்டியை விட்டுவிட்டு நல்ல மூளையைத் தோண்டலாம்.

வேறு வழி, அங்கேயே மறுபடி படம் எடுப்பது. 1994இல் பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனையில் தியேட்டருக்குள்ளேயே எம்.ஆர்.ஐ.யைக் கொண்டுவந்தார்கள். அருமையான ஏற்பாடுதான். ஆனால் காந்தத்தில் ஒட்டாத கருவிகள் வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் ஆபரேஷன் நின்று நீளும், செலவோ கோடிகளில். எங்கள் கணிப்பில் நம் ஊருக்கு ஏற்றது அல்ட்ராசவுண்ட்தான். விலை குறைவு, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். குறை என்னவென்றால் படம் கையைப் பொறுத்தது. குழியில் காற்றுக் குமிழியோ ரத்தமோ இருந்தால் ஓரம் வெள்ளையாகி, இல்லாத கட்டியைக் காட்டும். சலைன் ஊற்றிக் குழியை நிரப்பி, குமிழி போன பிறகு பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தச் சின்ன வேலைதான்.

ரோபோ ஆபரேஷன் செய்தால் தவறே நடக்காதாமே?
– வாசகர், ஈரோடு

மூளைக் கட்டியை ரோபோ வெட்டி எடுப்பதில்லை. ஆழத்தில் இருக்கும் கட்டியிலிருந்து ஊசி வழியே பயாப்ஸி எடுக்கும்போது, ஊசி போக வேண்டிய கோணத்தையும் ஆழத்தையும் ரோபோ கை பிடித்துக்கொடுக்கும். ஊசியைச் செலுத்துவது சர்ஜன். ஊசி பட்டு ரத்தக்கசிவு வருகிற அபாயம் ரோபோ இருந்தாலும் கொஞ்சம் உண்டு. விளம்பரத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கட்டியை பிங்க் நிறத்தில் ஒளிரவைக்கும் மருந்து பற்றி விளக்குங்கள். எல்லாக் கட்டிக்கும் உதவுமா?
– மருந்தியல் மாணவர், சேலம்

5-ஏ.எல்.ஏ. என்ற பொடி. கிலோவுக்கு 20 மி.கி., அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,200 மி.கி. தண்ணீரில் கரைத்து, மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். வீரியமான கட்டியின் செல்கள் இதை புரோட்டோபார்ஃபைரின் 9 என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். மைக்ராஸ்கோப்பில் 400 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியைப் போட்டால், நீல நிற மூளைக்கு நடுவே கட்டி சிவந்து தெரியும், ஓரங்களில் வெளிர் பிங்க். 2006இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், சாதாரண வெள்ளை ஒளியில் 36 சதவீதம் பேருக்கே, எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும் கட்டி முழுசாக அகற்றப்பட்டது. இந்த மருந்தோடு செய்தவர்களில் அது 65 சதவீதம். அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது.

எல்லாக் கட்டியும் ஒளிராது. க்ளியோமா என்ற கட்டி வகையில் மெதுவாக வளரும் கிரேடு 2 கட்டிகள் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். ஒளிர்பவையிலும் கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. மேலே ஒரு துளி ரத்தம் படர்ந்தாலோ, குழியின் விளிம்பு தொங்கி மறைத்தாலோ கட்டி ஒளிந்துகொள்ளும். இன்னொன்றும் உண்டு, இதை வலியுறுத்தியே சொல்கிறோம்: பிங்க் என்பது ‘வெட்டலாம்’ என்ற அனுமதி அல்ல. கையை அசைக்கும் நரம்புக்கற்றைக்குள்ளும் கட்டி ஒளிரும். அங்கே ஒளியைப் பார்த்து வெட்டினால் கட்டியோடு கையும் போகும்.

பார்ஃபைரியா நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. குடித்தபின் குறைந்தது 24 மணி நேரம் வெயிலும் கூசும் விளக்கும் தோலில் படக்கூடாது. வார்டில் ஜன்னலோரக் கட்டில் வேண்டாம். டெட்ராசைக்ளின் வகை மருந்து சாப்பிடுகிறவர் முன்பே சொல்ல வேண்டும். விலை கட்டுப்படியாகாத இடங்களில் ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். அது செல்லுக்குள் சேர்வதில்லை, ரத்தக்குழாய்த் தடுப்பு உடைந்த இடத்தில் கசிகிறது, அவ்வளவே. சிறுநீர் ஒருநாள் பளீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.

எனக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, 2.5 செ.மீ. பக்கவாட்டுப் பார்வை குறைகிறது. ஒருவர் மூக்கு வழியாக ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் மாத்திரையே போதும் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, யாழ்ப்பாணம்

இருவரையும் நம்புவதற்கு முன் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவைப் பாருங்கள். புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் கேபர்கோலின் மாத்திரையே முதல் சிகிச்சை. வாரம் இரண்டு முறை, 0.25 அல்லது 0.5 மி.கி.யில் தொடங்குவார்கள். பெரிய கட்டிகூடச் சுருங்கும், பார்வையும் சில வாரங்களில் தேறும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. உங்கள் அளவுள்ள கட்டிக்குப் புரோலாக்டின் சற்றே, மி.லி.க்கு 100 நானோகிராமுக்குக் கீழே, உயர்ந்திருந்தால் அது புரோலாக்டின் கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. வேறு கட்டி பிட்யூட்டரியின் காம்பை அழுத்துவதால் வந்த உயர்வாக இருக்கும், மாத்திரையால் அந்தக் கட்டி சுருங்காது. இதற்கு நேர்மாறாக, மிகப் பெரிய கட்டியில் ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதால் பரிசோதனைக் கருவியே ஏமாந்து குறைவாகக் காட்டலாம். ரத்த மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் தேவையில்லாத ஆபரேஷன் நடப்பதுண்டு. திடீரென்று தாங்க முடியாத தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம்.

ஆபரேஷன்தான் என்றால், 4 மி.மீ. குறுக்களவுள்ள எண்டோஸ்கோப் மூக்கு வழியே போகும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் காற்றறையைத் திறந்து, பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் குழியின் மெல்லிய எலும்பை நீக்கி, வளைய முனைக் கருவியால் கட்டியை வழித்து எடுப்பார்கள். இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள். எல்லோருக்கும் பயம் அங்கேதான். எடுத்தபின் ஓட்டையை அடைப்பதில்தான் இந்த ஆபரேஷனின் வெற்றி இருக்கிறது. தொடையிலோ வயிற்றிலோ எடுத்த கொழுப்பு, அதன்மேல் மூக்கு நடுச்சுவரின் சவ்வை ரத்தக்குழாயோடு திருப்பி மூடுகிற முறை. 2006இல் அந்தச் சவ்வு மடிப்பு முறை வெளியான பிறகு மூளைநீர்க் கசிவு வெகுவாகக் குறைந்தது.

வீட்டுக்கு வந்தபின் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்கக்கூடாது, மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். குனியும்போது ஒரு பக்க மூக்கில் தண்ணீர் போலச் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ அது மூளைநீராக இருக்கலாம், அன்றே போய்க் காட்டுங்கள். முதல் நாட்களில் தாகமும் சிறுநீரும் கட்டுக்கடங்காமல் போகலாம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இதற்கு நேரெதிராக ரத்தத்தில் சோடியம் சரியலாம். தலைவலி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் என்று வரும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாலும் ஏழாம் நாள் வாக்கில் சோடியம் பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எழுதியிருந்தால் அதை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

அம்மாவுக்கு 71 வயது. குளியலறையில் விழுந்ததற்கு ஸ்கேன் எடுத்தபோது 1.5 செ.மீ. மெனிஞ்சியோமா இருப்பது தெரிந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை. உடனே எடுத்துவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

வேண்டாம். மூளையின் உறையிலிருந்து வளரும் இந்தக் கட்டி பெரும்பாலும் சாதுவானது. ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., மாற்றம் இல்லாவிட்டால் பிறகு வருடத்துக்கு ஒன்று. சுண்ணாம்பு படிந்த கட்டி என்றால் இன்னும் மெதுவாக வளரும். வளர்ச்சி தெரிந்தாலோ, சுற்றிலும் வீக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ அப்போது யோசிக்கலாம். 3 செ.மீ.க்குள் இருக்கும்வரை காமா நைஃப் என்ற ஒருநாள் கதிர்வீச்சு முறையும் கையில் இருக்கிறது. கத்தி என்று பெயர், ஆனால் வெட்டு கிடையாது. கோபால்ட்-60இலிருந்து வரும் சுமார் 200 மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் கூடும். கட்டி காணாமல் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வளர்வது நின்றால் அதுவே வெற்றி.

ஆபரேஷன் செய்கிறவர்களும், உச்சந்தலையில் ஓடும் பெரிய சிரையை ஒட்டிய மெனிஞ்சியோமாவில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு துண்டை வேண்டுமென்றே விட்டுவைப்பது உண்டு. அந்தச் சிரை அடைபட்டால் இரண்டு பக்க மூளையும் வீங்கும். அந்தத் துண்டை விட்டவரைக் கைதேறாத சர்ஜன் என்று நினைக்காதீர்கள்.

தம்பிக்கு இடது முன்மூளையில் கட்டி எடுத்து நான்கு நாள் ஆகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை, வலது கையைத் தூக்கவில்லை. ‘திரும்பிவிடும்’ என்கிறார் டாக்டர். சமாதானத்துக்குச் சொல்கிறாரா?
– அக்கா, நாகர்கோவில்

முதலில் ஆபரேஷனுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் ரத்தக்கட்டோ, ரத்த ஓட்டம் நின்ற பகுதியோ இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், டாக்டர் சொல்வது பெரும்பாலும் உண்மை.

முன்மூளையில், நடுக்கோட்டை ஒட்டி, அசைவைத் தொடங்கிவைக்கும் பகுதி ஒன்று உண்டு. வண்டியில் என்ஜினும் சக்கரமும் நன்றாகத்தான் இருக்கும், சாவிதான் திரும்பாது. அந்தப் பகுதியில் கட்டி எடுத்தால் எதிர்ப்பக்கக் கை, கால் அசையாமல் கிடக்கும், பேச்சும் நின்றுபோகும். கவனித்துப் பாருங்கள்: ‘கையைத் தூக்கு’ என்றால் தூக்காத தம்பி, கொட்டாவி விடும்போதோ மூக்கு அரிக்கும்போதோ அந்தக் கையை அசைத்தால் நல்ல அறிகுறி. ஆபரேஷனின்போது கைக்குப் போகும் மின்சமிக்ஞையைக் கண்காணித்தார்களா, கடைசிவரை அது குறையாமல் இருந்ததா என்றும் சர்ஜனிடம் கேளுங்கள். ‘இருந்தது’ என்றால் பாதை அறுபடவில்லை.

பெரும்பாலோருக்கு சில நாளிலோ வாரங்களிலோ அசைவு வரத் தொடங்கும், மூன்று மாதத்துக்குள் பெருமளவு தேறும். சட்டைப் பொத்தான் போடுவது, வேட்டி முடிச்சுப் போடுவது போல இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலையில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் தங்கலாம். பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். பேசவில்லை என்பதற்காக அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக் கட்டிலருகே நோயைப் பற்றிப் பேசவும் வேண்டாம். எல்லாம் காதில் விழும்.

நாளுக்கு நாள் தூக்கக்கலக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், ஒரு கண்ணின் பாப்பா பெரிதானால் கதை வேறு. அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஸ்கேனே இல்லாத காலத்தில் கட்டி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– ஆசிரியர், புதுக்கோட்டை

நோயாளியின் உடம்பைப் படித்துத்தான். 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி ஒரு இளைஞரின் மூளையிலிருந்து க்ளியோமாவை எடுத்தார். வலிப்பு உடம்பின் எந்தப் பகுதியில் தொடங்கியது, எந்தக் கை எப்படிப் பலவீனமானது என்பதை வைத்தே ஹ்யூஸ் பென்னட் என்ற மருத்துவர் இடத்தைக் குறித்துக்கொடுத்தார். அங்கேயே கட்டி இருந்தது. ஆனால் நோயாளி 28ஆம் நாள் தொற்றால் இறந்தார். நம் நாட்டில் இந்தத் துறை 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியாலும், 1950இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தியாலும் தொடங்கியது.

கணவருக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்ததும் தலைவலி பறந்துவிட்டது. ஆனால் சர்க்கரை 300க்கு மேல் போகிறது, ராத்திரி தூக்கமில்லை, எரிந்து விழுகிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்த ஸ்டீராய்டு மருந்து கட்டியைக் கரைப்பதில்லை, சுற்றியுள்ள வீக்கத்தை வடியவைக்கிறது. திடீரென்று விட்டால் வீக்கம் திரும்பும். பல வாரம் சாப்பிட்டவருக்கு உடம்பு சொந்தமாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் தூங்கிப்போயிருக்கும், அதனால் ரத்த அழுத்தம் விழலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தூக்கத்துக்கு ஒரு எளிய வழி: கடைசி வேளையை இரவில் கொடுக்காமல் மதியத்தோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சர்க்கரையைக் காலையில் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஸ்டீராய்டு சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். சாயங்காலமும் பாருங்கள். 300 என்றால் தற்காலிகமாக இன்சுலின் தேவைப்படலாம். எரிந்து விழுவதற்கு ஸ்டீராய்டு ஒரு காரணம். வலிப்புக்கு லெவெடிராசிடாம் சாப்பிடுகிறார் என்றால் அதுவும் கோபத்தைக் கிளப்பும், டாக்டர் மாற்றித் தர முடியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே காட்டுங்கள். மூளைக் கட்டி உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது சகஜம், அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

பயாப்ஸி அறிக்கையில் ‘ஐ.டி.ஹெச். – மேற்கொண்டு சோதனை தேவை’ என்று இருக்கிறது. மறுபடி ஆபரேஷனா?
– வாசகர், திருச்சி

இல்லை. எடுத்த திசுவே போதும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, க்ளியோமாவின் பெயரையே மரபணுதான் முடிவுசெய்கிறது. ஐ.டி.ஹெச். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும் கட்டியும் இல்லாத கட்டியும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோல இருந்தாலும், வாழ்நாள் கணக்கில் வேறு வேறு நோய்கள். மலிவான சாயச் சோதனை ஒன்று, இந்த மாற்றத்தின் மிகப் பரவலான வகையைக் காட்டிவிடும். அதில் நெகட்டிவ் என்று வந்து, நோயாளி 55 வயதுக்குக் கீழே என்றால் மரபணு வரிசையையே படித்துப் பார்ப்பது நல்லது. ஐ.டி.ஹெச். மாற்றமுள்ள கிரேடு 2 கட்டிக்கு, ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. விலை மலைக்கவைக்கும், ஆனாலும் அறிக்கையில் அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ‘ப்ளாக்’, அதாவது திசுவைப் பதித்த மெழுகுக் கட்டை. கண்ணாடி ஸ்லைடு மட்டும் கொடுத்தனுப்பினால் புதுச் சோதனைகளைச் செய்ய முடியாது. ப்ளாக்கை லேப் இரவலாகத் தரும், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எதில் கட்டி அதிகம் இருக்கிறது என்று நோய்க்குறியியல் மருத்துவரிடமே கேட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் தேவையில்லை, சாதாரண அறை வெப்பத்தில் வைக்கலாம். ஆனால் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டால் மெழுகு இளகும். சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, பெயரும் ப்ளாக் எண்ணும் ஒட்டி, கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.